மலபார் ஸ்பெஷல் போலீஸ்

மலபார் ஸ்பெஷல் போலீஸ் (எம்.எஸ்.பி.) சென்னை மாகாணக் காவல்துறையின் ஆயுதப் படையாக இருந்தது. மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்களின் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, 1921 செப்டம்பர் 30 அன்று தொடங்கப்பட்டது. பெயரில்தான் போலீஸ், அமைப்பில் ராணுவம். இன்றைய தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் வேர் இதில் இருக்கிறது.

1921 ஆகஸ்ட் 20 அன்று திரூரங்காடியில் மூண்ட கலகம் சில நாட்களில் ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்களுக்குப் பரவியது. காவல் நிலையங்கள் சூறையாடப்பட்டன. லத்தியோடு பழகிய உள்ளூர்க் காவலர்களால் நிலைமையைச் சமாளிக்க முடியவில்லை. ராணுவச் சட்டம் வந்தது, பட்டாளமும் வந்தது. ஆனால் பட்டாளம் ஒருநாள் திரும்பிப் போய்விடும். ராணுவச் சட்டமும் நீங்கிவிடும். அதன்பின் ஊரை யார் காப்பது என்ற கேள்விதான் புதிய படைக்கு வழிவகுத்தது. அதை உருவாக்கியதில் மலபார் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டெண்ட் ஆர்.எச். ஹிட்ச்காக்கின் பங்கு பெரிது. கிளர்ச்சியின் வரலாற்றை அரசுக்காகப் பின்னாளில் எழுதியவரும் அவரே.

மலப்புறத்தைத் தலைமையிடமாகக் கொண்ட படையில் தொடக்கத்தில் சுமார் 600 காவலர்கள். மேலே சில ஆங்கிலேய அதிகாரிகள். இடையில் சுபேதார், ஜமேதார், ஹவில்தார். சப்-இன்ஸ்பெக்டர், ஏட்டு என்ற வழக்கமான வரிசையை விட்டுப் பட்டாளத்துப் பதவிகளையே வைத்ததில் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது: வழக்குப் பதிவதும் துப்புத் துலக்குவதும் இவர்கள் வேலையல்ல. துப்பாக்கியோடு அணியாக நகர்வதே வேலை.

1922 பிப்ரவரியில் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது, படை கலைக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆந்திர மலைப்பகுதியில் அல்லூரி சீதாராம ராஜுவின் ரம்பா கிளர்ச்சி எழுந்ததும், காட்டுச் சண்டை கண்ட இவர்களே அங்கு அனுப்பப்பட்டனர். போருக்கென்று திரட்டிய படையை வேலைநிறுத்தத்தின் முன்னும் நிறுத்தினார்கள். அதன் வரலாற்றில் இருண்ட பக்கம் அதுதான். 1946-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் எம்.எஸ்.பி. நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். 'மலபார் போலீஸ்' என்ற சொல் தமிழகத் தொழிற்சங்கத்தாரிடம் கசந்துபோனதில் வியப்பில்லை.

விடுதலைக்குப் பின்னும் காங்கிரஸ் அரசு படையை வைத்துக்கொண்டது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை மாகாணப் பிரதமர். 1948 செப்டம்பரில் ஐதராபாத் மீது 'போலீஸ் நடவடிக்கை' எடுக்கப்பட்டபோது, எம்.எஸ்.பி.யும் அதில் பங்கேற்றது. எளிமைக்கும் கண்டிப்புக்கும் பேர்போன காந்தியவாதியின் ஆட்சிக்கும் ஹிட்ச்காக் காலத்துப் படை தேவைப்பட்டது.

1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு சேர்ந்ததும் படையும் பிரிந்தது. மலப்புறம் இன்றும் கேரள எம்.எஸ்.பி.யின் தலைமையிடம். சென்னை மாநிலத்துக்கு வந்த பகுதியின் வழியில் வளர்ந்ததே தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. மக்கள் வாயில் 'பட்டாலியன் போலீஸ்'. ஆவடி, திருச்சி, மணிமுத்தாறு போன்ற இடங்களில் இதன் அணிகள் உள்ளன. ஓர் அணி டெல்லி திகார் சிறையைக் காவல் காக்கிறது. பத்தாம் அணி விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள உளுந்தூர்பேட்டையில் இருக்கிறது. அந்த ஊர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்தப் படைக்கு ஆள் எடுப்பது தேர்வின் வழியேதான். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இளைஞர்களும் இப்போது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தாண்டி, இரண்டாம் நிலைக் காவலராகவே பட்டாலியனில் சேர்கிறார்கள்.