ஃபோக்ஸ்வாகன் ஆலை நெருக்கடி: வோல்ஃப்ஸ்பர்க் ஏற்பாடு குலைந்த விதம்

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2024 செப்டம்பர் 2 அன்று, சொந்த நாட்டில் ஆலைகளை மூட நேரலாம் என்று அறிவித்தது. நிறுவனம் தொடங்கிய 87 ஆண்டுகளில் ஜெர்மன் ஆலை எதையும் அது மூடியதில்லை. வெளிநாட்டிலும் அதற்கு முன் கடைசியாக மூடப்பட்டது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த வெஸ்ட்மோர்லேண்ட் ஆலை, அதுவும் 1988-இல். மின்காரிடம் பெட்ரோல் கார் தோற்றுவிட்டது என்றே அறிவிப்பைப் பலரும் புரிந்துகொண்டனர். ஆனால் அடுத்த பதினைந்து மாதங்களில் இந்தக் குழுமத்தில் கார் உற்பத்தி நின்றுபோன பிரஸ்ஸல்ஸ், டிரெஸ்டன் ஆலைகள் இரண்டும் மின்கார்களை மட்டுமே செய்துவந்தவை. எஞ்சின் கார்களைச் செய்யும் பழைய ஆலைகள் இருக்க, புதிய பாதைக்கு மாறிவிட்ட ஆலைகள் முதலில் விழுந்தது ஏன் என்பதற்கு விடை, நிறுவனம் எந்தக் காசில் எந்தச் செலவைத் தாங்கிவந்தது என்ற கணக்கில் இருக்கிறது.

நாஜி ஆட்சியில் 1937-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற அதிகாரி குண்டுவீச்சில் சிதைந்த ஆலையில் உற்பத்தியைத் தொடங்கிவைத்தார். 1960-இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது அதற்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கீழ் சாக்சனி மாநில அரசு 20 விழுக்காடு வாக்குரிமையுடன் இன்றும் பங்குதாரராக இருக்கிறது. ஆலை ஒன்றை அமைக்கவோ இடம் மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அந்தக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரியவை. ஆக, தொழிலாளர்கள் சம்மதிக்காமல் நிர்வாகம் ஓர் ஆலையையும் அசைக்க முடியாது. 1993-இல் 30,000 பேரை வெளியேற்ற வேண்டிய நிலை வந்தபோது, பணியாளர் துறைத் தலைவர் பீட்டர் ஹார்ட்ஸ் வாரத்துக்கு நான்கு நாள், 28.8 மணி நேரம் என்று வேலையைச் சுருக்கி அனைவரையும் தக்கவைத்தார். வேலை உத்தரவாத ஒப்பந்தம் 1994 முதல் நடப்பில் இருந்தது.

நிறுவனமும் ஊரும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு, தலைமையகம் இருக்கும் வோல்ஃப்ஸ்பர்க் நகர ஆலைக்குள் இயங்கும் இறைச்சிக்கூடமே சாட்சி. 1973 முதல் அங்கே தயாராகும் கறித்தூள் சாசேஜுக்கு 199 398 500 ஏ என்று உதிரிபாக எண்ணே உண்டு. 2021-இல் தலைமையகக் கேன்டீன் ஒன்றில் அதை நிறுத்தியபோது முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் பகிரங்கமாகக் கண்டித்தார். வேடிக்கையாகத் தோன்றினாலும், இந்த நிறுவனத்தில் எந்த மாற்றமும் நிர்வாகத்தின் சொந்த விஷயமாக மட்டும் நின்றதில்லை என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய ஏற்பாட்டுக்குச் செலவு அதிகம். அந்தச் செலவின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகள் சுமந்தது சீனா. 1984-இல் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே தயாரான சான்டானா கார் சீன நகரங்களின் டாக்சியாயிற்று. 1991-இல் வடகிழக்கே சாங்சுன் நகரின் எஃப்ஏடபிள்யூ நிறுவனத்துடன் இரண்டாவது கூட்டு உருவானது. லாபத்தைச் சீனப் பங்காளிகளுடன் பகிர்ந்துகொண்ட பிறகும் 2015-இல் ஃபோக்ஸ்வாகனுக்கு வந்த பங்கு சுமார் 520 கோடி யூரோ. 2019-இல் குழுமம் சீனாவில் 42 லட்சம் வாகனங்களை விற்றது. ஜெர்மன் ஆலைகளில் ஆள்பலமும் கூலியும் கூடுதலாக இருந்தாலும் கணக்கு இடிக்காமல் போனதற்கு இந்த வருவாய் முக்கியக் காரணம்.

மின்காருக்கு மாறும் முடிவு தொலைநோக்கில் பிறந்ததல்ல, அவமானத்தில் பிறந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகனின் டீசல் கார்களில் ஏமாற்று மென்பொருள் இருப்பதை வெளிப்படுத்தியது. ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது என்பது போன்ற அறிகுறிகளை வைத்து, கார் சாலையில் ஓடுகிறதா சோதனைக்கூட உருளைகளின் மேல் ஓடுகிறதா என்று அது கண்டுபிடிக்கும். சோதனை என்று தெரிந்தால் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும். உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்களில் அது இருந்தது. தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கார்ன் ஐந்தே நாளில் பதவி விலகினார். அபராதம், இழப்பீடு, திரும்பப் பெறுதல் என்று 3,000 கோடி யூரோவுக்கு மேல் கரைந்தது. டீசலை நம்பி இனிப் பிழைக்க முடியாது என்ற நிலையில், 2018-இல் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் டீஸ் நிறுவனத்தை மின்கார் பக்கம் முழு வேகத்தில் திருப்பினார்.

அதற்கு முதலில் தேர்வானது சாக்சனி மாநிலத்தின் ஸ்விக்காவ் ஆலை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் டிராபன்ட் கார் உருவான ஊர் அது. சுமார் 120 கோடி யூரோ செலவில் ஆலை முழுவதும் மின்காருக்கு மாற்றப்பட்டு, 2019 நவம்பர் 4 அன்று சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல் முன்னிலையில் ஐடி.3 என்ற மின்காரின் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 3,30,000 கார் என்பது இலக்கு. ஆனால் காரின் உடல் தயாரானபோது மென்பொருள் தயாராகவில்லை. உற்பத்தியான கார்கள் திடல்களில் காத்துக் கிடக்க, வாடிக்கையாளர்களுக்கு வழங்குவது 2020 செப்டம்பரில்தான் தொடங்கியது. மென்பொருளுக்கென்றே உருவாக்கிய காரியாட் என்ற துணை நிறுவனமும் தடுமாறியது. அதனால் போர்ஷே மக்கான் மின்கார் உட்பட குழுமத்தின் பிற மாடல்களும் தாமதமாயின. டீஸ் 2022-இல் வெளியேற்றப்பட்டு ஒலிவர் புளூமே அந்த இடத்துக்கு வந்தார். பேரிங் வளையமும் கியர் பல்லும் பொருத்துவதில் நூறாண்டு தேர்ச்சி பெற்ற தொழில் ஒன்று, மென்பொருளை வெளியாரிடம் வாங்கும் உதிரிபாகம் போலவே நெடுநாள் நினைத்திருந்தது. 2024-இல் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனத்துடன் அதற்கான கூட்டு முயற்சியைத் தொடங்கியபோது, தன்னால் தனியாக முடியவில்லை என்பதை ஃபோக்ஸ்வாகன் செயலில் ஒப்புக்கொண்டது.

இதே காலத்தில் சீனாவில் நிலம் நழுவியது. வாங் சுவான்ஃபு 1995-இல் ஷென்ஜென் நகரில் தொடங்கிய பிஒய்டி, கைபேசி பேட்டரி செய்த நிறுவனம்; 2003-இல் ஒரு சிறிய கார் நிறுவனத்தை வாங்கித் தொழிலுக்குள் நுழைந்தது. மின்காரில் மிகவும் விலை கூடிய பாகம் பேட்டரிதான். ஐரோப்பிய நிறுவனங்கள் அதை வெளியே வாங்கின. பிஒய்டி தானே செய்தது. நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் வகையை அது தேர்ந்தெடுத்ததும் விலையைக் குறைத்தது. 2009 முதல் சீன அரசு அளித்த மானியமும் இதில் சேரும். அதை மட்டுமே காரணமாகச் சொல்வோர், பேட்டரி முதல் சிப் வரை ஒரே கூரையின் கீழ் செய்யும் ஏற்பாட்டின் வலுவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2022 மார்ச்சில் பிஒய்டி பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களைச் செய்வதை நிறுத்தியது. 2023-இல், சீனாவில் அதிகம் விற்கும் கார் பிராண்டு என்ற பெயரை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து பறித்தது. 2024-இல் குழுமத்தின் சீன விற்பனை 29 லட்சமாகவும், கூட்டு நிறுவனங்களிலிருந்து வந்த லாபப் பங்கு சுமார் 170 கோடி யூரோவாகவும் சுருங்கின. சீனச் சாலைக்கு ஏற்ற மின்கார் செய்ய, ஒரு காலத்தில் தான் தொழில் கற்றுக்கொடுத்த நாட்டின் எக்ஸ்பெங் நிறுவனத்தில் ஃபோக்ஸ்வாகன் சுமார் 70 கோடி டாலர் முதலிட வேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலும் கைகொடுக்க ஆளில்லை. பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைவிட ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் கார்கள் குறைவாகவே அங்கு விற்றன. சந்தையில் கால் பங்கு ஃபோக்ஸ்வாகனுடையது. ஆகவே 5 லட்சம் கார்கள் குறைகின்றன, அது ஏறத்தாழ இரண்டு ஆலைகளின் வேலை என்று நிதித் தலைவர் ஆர்னோ ஆன்ட்லிட்ஸ் 2024 செப்டம்பர் 4 அன்று வோல்ஃப்ஸ்பர்க் தொழிலாளர் கூட்டத்தில் கணக்குச் சொன்னார். அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் நிதி முடங்கிய ஜெர்மன் அரசு மின்கார் மானியத்தை ஓரிரு நாள் அறிவிப்பில் நிறுத்தியிருந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் புதிய மின்கார் பதிவு 27 விழுக்காடு சரிந்தது. மின்காரை மட்டுமே நம்பியிருந்த ஸ்விக்காவ், எம்டன் ஆலைகளை அது நேராகத் தாக்கியது. எஞ்சின் கார்களும் செய்த வோல்ஃப்ஸ்பர்குக்கு அந்த அடி அவ்வளவு படவில்லை. சீன மின்கார்கள் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் கூடுதல் வரி விதித்தபோது ஜெர்மனி எதிர்த்து வாக்களித்தது. சீனாவில் பதிலடி விழும் என்ற அச்சம் போட்டி பற்றிய அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

2029 வரை செல்லவேண்டிய வேலை உத்தரவாதத்தை நிர்வாகம் 2024 செப்டம்பர் 10 அன்று ரத்து செய்தது. மூன்று ஆலைகளையாவது மூடவும், சம்பளத்தில் 10 விழுக்காடு வெட்டவும் திட்டம் இருப்பதாகத் தொழிலாளர் பேரவைத் தலைவர் டானியேலா கவல்லோ அக்டோபர் 28 அன்று வெளியிட்டார். டிசம்பர் 2 அன்று நடந்த அடையாள வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கலந்துகொண்டனர். டிசம்பர் 20 அன்று உடன்பாடு எட்டப்பட்டது: 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும், ஆனால் கட்டாய ஆட்குறைப்பு இல்லை, ஜெர்மன் ஆலைகளின் உற்பத்தித்திறனில் 7,34,000 கார்கள் குறையும், உத்தரவாதம் 2030 இறுதிவரை மீளும். ஆலை மூடல் என்ற சொல் தவிர்க்கப்பட்டது. அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்குத் தொழிலாளர்கள் கொடுத்த விலை சிறிதல்ல: 5 விழுக்காடு ஊதிய உயர்வு உடனே அவர்கள் கைக்கு வரவில்லை.

இந்த உடன்பாட்டின் காவல் ஜெர்மன் எல்லையோடு நின்றது. பிரஸ்ஸல்ஸின் ஃபோரஸ்ட் பகுதியில் 1949 முதல் இயங்கிய ஆலை, 2018-இலிருந்து இதே குழுமத்தின் அவுடி பிராண்டின் பெரிய மின்காரை மட்டுமே தயாரித்தது. விலை உயர்ந்த அந்தக் காருக்குக் கிராக்கி குறைந்ததும், நகருக்குள் நெருக்கடியான இடத்தில் போக்குவரத்துச் செலவு அதிகம் என்றதும் மூடலுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 2024 செப்டம்பரில் அங்கிருந்த தொழிலாளர்கள் தயாராகியிருந்த சுமார் 200 கார்களின் சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் தெளிவு கேட்டனர். பயனில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று ஆலை மூடப்பட்டு சுமார் 3,000 பேர் வேலை இழந்தனர். அவர்களுக்கு மாநில அரசின் பங்குரிமையும் இல்லை, வோல்ஃப்ஸ்பர்க் ஒப்பந்தமும் இல்லை. பெல்ஜியத்துக்கு இது புதிதுமல்ல: வில்வோர்டேயில் ரெனோ 1997-இலும், ஆன்ட்வெர்ப்பில் ஓப்பல் 2010-இலும், கென்க்கில் ஃபோர்ட் 2014-இலும் மூடியிருந்தன. அப்போது ஐரோப்பியச் சாலைகளில் மின்காரைக் காண்பதே அரிது.

ஜெர்மனிக்குள், டிரெஸ்டனின் கண்ணாடிச் சுவர் ஆலை 2001-இல் ஃபேட்டன் என்ற ஆடம்பரக் காருக்காகக் கட்டப்பட்டது, பிற்காலத்தில் ஐடி.3 செய்தது. உடன்பாட்டின்படி 2025 டிசம்பரில் அங்கே கார் உற்பத்தி நின்றது. ஓஸ்னாப்ரூக் ஆலைக்கு 2027 வரையே வேலை உறுதியாகியிருக்கிறது. அதே ஆண்டில் பெட்ரோல் கோல்ஃப் உற்பத்தி வோல்ஃப்ஸ்பர்கிலிருந்து மெக்சிகோவின் புவெப்லாவுக்குப் போகவேண்டும் என்பது திட்டம். ஸ்விக்காவ், தான் தொடங்கிவைத்த ஐடி.3-ஐயும் வோல்ஃப்ஸ்பர்குக்குக் கொடுத்துவிட்டு, அவுடியின் ஒரே ஒரு மாடலுடன் மிஞ்சவிருக்கிறது.