சிங்கவால் குரங்கு வம்சாவளிப் பதிவேடு

சிங்கவால் குரங்கு வம்சாவளிப் பதிவேடு என்பது, உயிரியல் பூங்காக்களில் வாழும் சிங்கவால் குரங்குகளின் பிறப்பு, பெற்றோர், இடமாற்றம், இறப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து குறித்துவரும் ஆவணம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய இக்குரங்கு வெளிநாட்டுப் பூங்காக்களிலும் வளர்க்கப்படுவதால், தேசியப் பதிவேட்டுடன் பன்னாட்டுப் பதிவேடும் உண்டு. 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்காக, தேசியப் பதிவேட்டை டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் தொகுத்தது. இவ்வினத்தின் காப்பு இனப்பெருக்கத்தில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா முதன்மைப் பங்கு வகிக்கிறது.

குட்டி பிறந்ததும் அதற்குத் தனி எண் தரப்பட்டு, பாலினம், பிறந்த நாள், தாய் எண், தந்தை எண் ஆகியவை ஒரே வரிசையில் பதியப்படும். ஒரு கூண்டில் பல ஆண்கள் இருந்தால் தந்தையை உறுதிசெய்வது கடினம். அப்போது மரபணுச் சோதனை உதவும். தோலடி மைக்ரோசிப், விலங்கு ஊர் மாறினாலும் அதன் அடையாளத்தைக் காக்கும்.

பெண் குரங்கு சுமார் ஆறு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். எண்ணிக்கை மெதுவாகவே பெருகுவதால், நெருங்கிய உறவுகள் இணைந்து இனம் நலிவதைத் தடுக்க இப்பதிவேடு இன்றியமையாதது.