அழகு நிலையத்தில் தலைமுடி அலசும்போது பக்கவாதம்: கழுத்துத் தமனிகளில் நடப்பது என்ன?

ஹைதராபாத்: அழகு நிலையத்தில் ஷாம்பூ போட்டுத் தலைமுடியை அலசிக்கொண்டிருந்தபோது, 50 வயதுப் பெண் ஒருவருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. முதலில் அவரை இரைப்பை, குடல் நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மறுநாள் நடக்கும்போது அவர் தள்ளாடத் தொடங்கிய பிறகே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில், சிறுமூளையின் வலப்பக்கத்தில் ஒரு பகுதி ரத்த ஓட்டமின்றிப் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

ஹைதராபாத் அப்போலோ மருத்துவமனையின் நரம்பியல் நிபுணர் சுதிர் குமார், 2022 அக்டோபர் இறுதியில் தமது ட்விட்டர் பக்கத்தில் இந்நிகழ்வை வெளியிட்டார். 'அழகு நிலையப் பக்கவாதம்' என்ற பெயர் அப்போதுதான் இங்கு பலரின் காதுக்கு எட்டியது. மருத்துவ உலகுக்கு அது புதிதன்று. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப், 1993-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் இதே போன்ற 5 பேரின் பாதிப்பை இப்பெயரிலேயே பதிவு செய்துள்ளார்.

கழுத்துக்குள் நான்கு குழாய்கள்:

மூளைக்கு ரத்தம் நான்கு தமனிகள் வழியே செல்கிறது. கழுத்தின் முன்பக்கம், விரல் வைத்தால் துடிப்பு தெரியுமிடத்தில் இருப்பவை இரு கரோட்டிட் தமனிகள். பின்னால் செல்லும் முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் அளவில் சிறியவை. மூளைக்குச் செல்லும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே அவை கொண்டு செல்கின்றன. ஆனால் சிறுமூளையும் மூளைத்தண்டும் அந்தப் பங்கையே நம்பியிருக்கின்றன.

இவை செல்லும் பாதைதான் சிக்கலானது. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளில், ஊசியில் கோத்த நூல்போல ஒவ்வொன்றாக நுழைந்து மேலேறி, முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டையோட்டுக்குள் செல்கின்றன. நாம் தலையைத் திருப்பும்போது, அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி முதல் இரு எலும்புகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது. எனவே இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கத் தமனி அவ்விடத்தில் இழுபடும். வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத் தமனிக்கு அதே நிலை. கழுத்தைப் பின்னால் வளைத்தபடி திருப்பினால் இழுவிசை மேலும் கூடும்.

அப்படியானால் சாலையைக் கடக்கும் முன் இருபுறமும் பார்ப்பவர் ஏன் மயங்கி விழுவதில்லை? ஒரு தமனியில் ஓட்டம் குறைந்தால் மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. மூளையின் அடியில், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரால் அழைக்கப்படும் தமனி வளையம் முன்பக்க ரத்தத்தைப் பின்பக்கத்துக்கும் திருப்பிவிடுகிறது.

ஹைதராபாத் பெண்ணுக்கு இந்த மாற்று வழி குறுகலாக இருந்தது. அவரது இடப்பக்க முதுகெலும்புத் தமனி இயல்பைவிட மெலிந்தது எனத் தெரியவந்தது. உயர் ரத்த அழுத்தமும் இருந்தது. அலசும் தொட்டியின் விளிம்பில் கழுத்து பின்னோக்கி வளைந்து திரும்பியதில் வலப்பக்கத் தமனி மடங்கியிருக்கலாம் என்பது மருத்துவரின் கணிப்பு.

தமனி மடங்குவது மட்டுமே ஆபத்தன்று. அதன் உட்சுவர் கிழிந்து, அங்கு ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் செல்லவும் கூடும். முடிதிருத்தகங்களில் தலையைப் பிடித்துச் 'சடக்' என்று நெட்டி எடுப்பதில் உள்ள அச்சம் இதுவே. கர்நாடகத்தின் பல்லாரியில் இவ்வாறு கழுத்து திருப்பப்பட்ட 30 வயது இளைஞருக்குக் கரோட்டிட் தமனி கிழிந்து பக்கவாதம் ஏற்பட்டதாக 2024-ல் செய்திகள் வெளியாயின. முடி அலசுவதால் பக்கவாதம் வருவது மிக அரிது. அதற்காக அழகு நிலையத்துக்கே செல்லாதிருக்க வேண்டியதில்லை. கழுத்துக்கு அடியில் மடித்த துண்டை வைக்கச் சொல்லலாம், முன்னால் குனிந்தும் அலசலாம். நெட்டி எடுப்பதையோ மறுத்துவிடுவதே நல்லது.

வயிற்றுக் கோளாறு எனத் தோன்றும்:

கை, கால் செயலிழப்பதும் வாய் கோணுவதும்தான் பக்கவாதம் என்று பலரும் எண்ணுகின்றனர். சிறுமூளை பாதிக்கப்பட்டால் அவை எதுவும் இல்லாமல் போகலாம். திடீர்த் தலைச்சுற்றல், வாந்தி, நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், பின்கழுத்தில் புதிதாகத் தோன்றும் கடும் வலி ஆகியவையே தென்படலாம். 'பித்தம்' என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைக்கும் நேரத்தில் சிகிச்சைக்கான வாய்ப்பு கடந்துவிடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே, நோயாளி கடைசியாக எப்போது இயல்பாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.