ஈராக்கியர்கள் ஏன் நம்பவில்லை? ஸாமர்ராவின் 54 ஜனாஸாக்களும் ஸர்காவியும்

2003 நவம்பர் 30 அன்று ஈராக்கின் ஸாமர்ரா நகரில், புதிய நாணயத் தாள்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க இராணுவ வாகனங்கள் தாக்கப்பட்டன. பதில் தாக்குதலில் கிளர்ச்சியாளர்கள் 46 பேரைக் கொன்றுவிட்டதாக இராணுவம் அறிவித்தது. மறுநாள் அந்த எண்ணிக்கை 54 ஆனது. ஆனால் ஊர் மருத்துவமனை கணக்குச் சொன்னது 8 உடல்களுக்குத்தான். மற்ற உடல்கள் எங்கே என்று செய்தியாளர்கள் கேட்டபோது, கூட்டாளிகள் தூக்கிச் சென்றிருக்கலாம் என்று இராணுவத் தரப்பிலிருந்து பதில் வந்தது.

முஸ்லிம் ஊர் ஒன்றில் ஜனாஸா என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொழுகை, கப்ரு வெட்டுவது, துக்கம் விசாரிக்க வருவோர் என்று ஊரே கூடுகிற காரியம் அது. ஒரே நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மய்யித்துகளை ஊருக்குத் தெரியாமல் அடக்க முடியுமா? ஸாமர்ரா மக்கள் அரசியல் ஆய்வு எதையும் படித்துவிட்டு அந்த அறிக்கையைச் சந்தேகிக்கவில்லை. கப்ருஸ்தானில் எத்தனை புதிய கப்ருகள் என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் இராணுவம் சொன்ன எதையும் ஈராக்கியர்கள் எளிதில் நம்பவில்லை என்பதைப் பிடிவாதம் என்றும், சதிக் கதைகளில் மோகம் என்றும் மேற்கத்திய எழுத்தாளர்கள் சிலர் எழுதினார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையின்மை ஒவ்வொரு சம்பவமாகச் சேர்ந்தது.

2004 மே 19 அன்று, சிரியா எல்லைக்கு அருகே உள்ள முகர்ரதீப் என்ற சிற்றூரில் விமானத் தாக்குதலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வெளிநாட்டுப் போராளிகளின் தங்குமிடத்தைத் தாக்கினோம் என்றது இராணுவம். அது கல்யாண வீடு என்றார்கள் உயிர் தப்பியவர்கள். கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று இராணுவப் பேச்சாளர் ஜெனரல் மார்க் கிம்மிட் மறுத்தார். சில நாட்களில் அந்தக் கல்யாணத்தின் வீடியோவை ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதில் பாடிய பாடகரும் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். அவருடைய ஜனாஸா பாக்தாதில் நடந்தது.

2005 நவம்பர் 19 அன்று ஹதீதா நகரில் சாலையோரக் குண்டு வெடித்து ஓர் அமெரிக்கக் கடற்படை வீரர் இறந்தார். அதே குண்டில் ஊர்மக்கள் 15 பேரும் இறந்ததாகவும், பிறகு நடந்த சண்டையில் கிளர்ச்சியாளர்கள் 8 பேர் கொல்லப்பட்டதாகவும் அறிக்கை வந்தது. நான்கு மாதங்களுக்குப் பிறகு டைம் இதழ் விசாரித்து எழுதியது வேறு. அன்று இறந்த ஊர்மக்கள் 24 பேர். அவர்களைக் கொன்றது குண்டுவெடிப்பு அல்ல, வீரர்களின் துப்பாக்கிகள். பெண்களும் குழந்தைகளும் தங்கள் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டிருந்தார்கள். உள்ளூர் வீடியோ ஒன்று வெளியே வந்திராவிட்டால் முதல் அறிக்கைதான் இன்றும் வரலாறாக இருந்திருக்கும். அதே நவம்பரில்தான், இராணுவத்தினர் எழுதிய கட்டுரைகளைப் பணம் கொடுத்து ஈராக்கியப் பத்திரிகைகளில் வெளியிட வைத்த விவகாரமும் அம்பலமானது.

இனி ஸர்காவிக்கு வருவோம். ஜோர்தானின் ஸர்கா நகரைச் சேர்ந்த அபூ முஸ்அப் அல்-ஸர்காவியின் பெயர் உலகுக்குப் பரவலாக அறிமுகமானது 2003 பிப்ரவரி 5 அன்று. ஐ.நா. பாதுகாப்பு சபையில் கொலின் பவல், ஸத்தாமுக்கும் அல்-காயிதாவுக்கும் இடையிலான கண்ணி இவரே என்றார். பாக்தாதில் இவருக்குக் கால் துண்டிக்கப்பட்டது என்று அமெரிக்க அதிகாரிகள் வழியாகச் செய்தி கசிந்தது. 2006இல் வெளியான வீடியோவில் மனிதர் இரண்டு கால்களோடு நடந்து வந்தார்! தலைக்கு வைத்த விலை மட்டும் ஏறி 2004இல் 2.5 கோடி டாலரைத் தொட்டது.

அந்தக் கோடையில் பலூஜா மீது குண்டு விழும்போதெல்லாம் 'ஸர்காவியின் பதுங்கிடம்' என்றார்கள். இடிபாடுகளில் கிடந்தவர்கள் குடும்பத்தினர் என்றார்கள் ஊர்மக்கள். நவம்பரில் நகரையே தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தபோது, வெளிநாட்டவர் என்று உறுதியானது 15 பேர் மட்டுமே. இதைச் சொன்னவர் அமெரிக்கத் தளபதி ஜெனரல் கேசியே.

2006 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் இராணுவத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டது. ஸர்காவியின் பங்கைப் பெரிதாக்கிக் காட்டும் உளவியல் பிரசாரம் திட்டமிட்டு நடத்தப்பட்டிருந்தது. அந்தப் பிரசாரம் குறிவைத்தவர்களின் பட்டியலில் அமெரிக்கப் பொதுமக்களும் இருந்தார்கள். அடுத்த மாதமே அதே இராணுவம், ஸர்காவிக்கு இயந்திரத் துப்பாக்கியைச் சரியாகச் சுடக்கூடத் தெரியவில்லை என்று ஒரு வீடியோவைக் காட்டிச் சிரித்தது. (அந்தத் துப்பாக்கி அமெரிக்க இராணுவம் பயன்படுத்தும் ரகம் என்பது வேறு கதை.)

இத்தனையும் பார்த்த ஈராக்கியர் பலர், ஸர்காவி என்று ஓர் ஆளே இல்லை, இருந்தாலும் எப்போதோ செத்துவிட்டார் என்ற முடிவுக்குப் போனார்கள். தெருவில் இருந்தவர்கள் மட்டுமல்ல, ஷீஆ ஆலிம் ஷைக் ஜவாத் அல்-காலிஸி போன்றவர்களும் 2005இல் அப்படிச் சொன்னார்கள்.

இங்குதான் நாம் அவர்களோடு உடன்பட முடியாமல் நிற்கிறோம். ஒரு செய்தி வந்தால் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று பார்க்கத்தான் மத்ரஸாவில் ஹதீஸ் பாடத்தில் கற்றோம். பொய்யர் ஒருவரின் அறிவிப்பை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே செய்தி வேறு வழிகளிலும் வருகிறதா என்று தேடாமல், நடக்கவே இல்லை என்று தீர்ப்பெழுத முடியாது.

ஸர்காவி விஷயத்தில் வேறு வழிகள் இருந்தன. சிறையில் அவருக்கு ஆசானாக இருந்த அபூ முஹம்மது அல்-மக்திஸி 2004இல் அவரைக் கண்டித்து எழுதினார். 2005 நவம்பரில் அம்மான் ஹோட்டல்களில் குண்டு வெடித்து சுமார் 60 பேர் இறந்ததும், அவருடைய அல்-கலாய்லா குடும்பத்தார் ஜோர்தான் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து உறவை முறித்தனர். இல்லாத ஆளை ஆசான் கண்டிப்பாரா? சொந்தக் குடும்பம் கைவிடுமா?

2004 பிப்ரவரியில், ஷீஆக்களைத் தாக்கி உள்நாட்டுப் போரைத் தூண்டும் திட்டத்தைச் சொல்லும் ஸர்காவியின் கடிதம் என்று ஒன்றை இராணுவம் வெளியிட்டது. அமெரிக்கர்களே எழுதியது என்று பலர் ஒதுக்கினார்கள். அடுத்த மாதம், மார்ச் 2 அன்று, ஆஷூரா கூட்டத்தில் கர்பலாவிலும் காழிமிய்யாவிலும் குண்டுகள் வெடித்து 170க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காழிமிய்யாவில் கூட்டம் கல்லெறிந்தது அங்கு வந்த அமெரிக்க வீரர்கள் மீது. 2005 செப்டம்பரில் ஷீஆக்கள் மீது முழுப் போர் அறிவிக்கும் ஸர்காவியின் ஒலிப்பதிவு வெளியானது. அப்போதும் 'இது அவர் குரல்தானா?' என்ற கேள்வி ஓயவில்லை. பொய்யான அறிக்கைகளில் சிவிலியன்கள் செத்தார்கள். உண்மையாகிப்போன அறிக்கையை நம்ப ஆளில்லாமல் போனதில் கொலைகாரனுக்கு மறைவிடம் கிடைத்தது. இதில் முதல் பொறுப்பு யாருடையது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை: ஸாமர்ராவில் 8ஐ 54 என்று சொன்னவர்களுடையது.

2006 ஜூன் 7 அன்று பஃகூபா அருகே ஹிப்ஹிப் என்ற ஊரில் இரண்டு குண்டுகளை வீசி ஸர்காவியைக் கொன்றார்கள். கழுவிச் சுத்தம் செய்த முகத்தின் படத்தைச் சட்டம் போட்டுச் செய்தியாளர்களுக்குக் காட்டினார்கள். குண்டிலேயே உயிர் போய்விட்டது என்பதுதான் முதலில் தந்த செய்தி. ஜூன் 9 அன்று அதையும் திருத்தினார்கள்: வீரர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆள் உயிரோடுதான் இருந்தார். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு நேரமும் சொன்னார்கள்: குண்டு விழுந்து 52 நிமிடங்கள் கழித்து மரணம்.