செவிக்குள் புகுந்த தாடையென்பு



வானொலிப் பெட்டியிலிருந்து எழும் ஒலியலை உங்கள் செவிப்பறையைத் தட்டுகின்றது. அதற்கு அப்பால் நடப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. செவிப்பறைக்குப் பின்னே, நடுச்செவி எனும் சிற்றறையில், மூன்று நுண்ணிய என்புகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுக் கிடக்கின்றன. சம்மட்டி, பட்டடை, அங்கவடி எனத் தத்தம் வடிவத்தாற் பெயர்பெற்ற இவை, செவிப்பறையின் அதிர்வை ஏற்று உட்செவிக்கு அனுப்புகின்றன. யானைக்கும் எலிக்கும், வௌவாலுக்கும் திமிங்கிலத்துக்கும் இம்மூன்று என்புகளும் உள்ளன. ஆயின், பறவைக்கும் பல்லிக்கும் முதலைக்கும் அங்கவடிக்கு ஒப்பான ஒரே ஓர் என்புதான் உண்டு. அப்படியாயின் நமக்கு மிகையாக வாய்த்த மற்றை இரண்டும் எங்கிருந்து வந்தன? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே, அழிந்தொழிந்த ஆதி முலையூட்டிகளின் உறவுமுறையை மனிதன் அறிந்துகொண்ட வரலாறுமாகும்.

முலையூட்டி எதுவென அறிவது உயிரோடிருக்கும் விலங்கிடத்து எளிது. அதன் உடலில் மயிர் இருக்கும். தாய் குட்டிக்குப் பாலூட்டும். குருதி வெப்பம் மாறாதிருக்கும். ஆனால் பாலும் குருதியும் கல்லாகிக் கிடைப்பதில்லை. மயிரின் சுவடு கிடைப்பதும் மிக அரிது. உயிர்ச்சுவடுகளை ஆராய்வோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பவை பல்லும் தாடையுமே. பல்லின் மேற்பூச்சு உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் வன்மை மிக்கது. ஆதலால் அது நெடுங்காலம் நிலைக்கின்றது. எனவே ஆதி முலையூட்டிகளைப் பற்றிய வழக்குகள் எல்லாம் அரிசிமணி போன்ற பற்களையும் விரல் நீளமும் இல்லாத தாடைகளையும் சான்றாகக் கொண்டே நடைபெற்றன.

அவ்வழக்குகளுள் முதலாவது இங்கிலாந்தில் எழுந்தது. ஒக்ஸ்போட் நகருக்கு அணித்தாய் ஸ்டோன்ஸ்பீல்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே முன்னர் வெட்டப்பட்ட ஒருவகைச் சுண்ணக்கல்லைப் பனிக்காலத்தில் வெளியே இட்டுவைத்தால், உறைபனியால் அது தகடு தகடாகப் பிளந்தது. அத்தகடுகளைக் கொண்டு வீடுகளுக்குக் கூரை வேய்ந்தனர். கல்வெட்டுவோர் கையில் அப்பாறையிலிருந்து பலவகை உயிர்ச்சுவடுகளும் அகப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்ஙனம் அகப்பட்டவற்றுள், ஓர் அங்குல அளவினவான கீழ்த்தாடைகள் சிலவும் இருந்தன. அவை ஒக்ஸ்போட் பேராசிரியர் வில்லியம் பக்லண்ட் பார்வைக்கு வந்தன. 1818 ஆம் ஆண்டில் அங்கு வந்த பிரெஞ்சுப் பேரறிஞர் ஜோர்ஜ் கூவியே அவற்றைக் கண்டு, அமெரிக்க நாட்டிலே வாழும் ஒப்பொசம் எனும் பைவிலங்கின் தாடையை அவை ஒத்திருக்கின்றன என்றார். 1824 இல், மெகலோசோரஸ் எனும் பேருருக்கொண்ட நகருயிரைப் பற்றி இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தில் அறிவித்த அதே கட்டுரையில், இச்சிறு தாடைகளைப் பற்றியும் பக்லண்ட் குறிப்பிட்டார்.

அன்றைய அறிஞருலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. பூமியின் வரலாற்றில் முதலில் மீன்களின் காலம், அடுத்து நகருயிர்களின் காலம், இறுதியாக முலையூட்டிகளின் காலம் என ஏணிப்படி போன்ற ஒழுங்கொன்றை அவர்கள் வகுத்திருந்தனர். நகருயிர்கள் கோலோச்சிய பாறையில் முலையூட்டியின் தாடை கிடப்பது அவ்வொழுங்கைக் குலைத்தது. பாறையின் வயதைக் கணித்ததிற் பிழையிருக்கலாமெனக் கொன்ஸ்டன் பிரேவோ 1825 இல் ஐயுற்றார். கூவியே 1832 இல் இறந்தபின், 1838 இல், பாரிஸ் நகரத்து டி பிளேன்வில் இன்னும் வன்மையான மறுப்பை எழுப்பினார். இவை முலையூட்டியின் தாடைகளே அல்ல, நகருயிரின் தாடைகளாகலாம் என்பது அவர் வாதம். அம்பிதீரியம் எனும் பெயரை, ஐயத்துக்கிடமான விலங்கு என்ற கருத்திற் சூட்டியவரும் அவரே.

வழக்கின் உயிர்நிலை இதுதான். முலையூட்டியின் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஓர் என்பாலாயது. நகருயிரின் கீழ்த்தாடையோ பல என்புகள் இணைந்து ஆயது. ஸ்டோன்ஸ்பீல்ட் தாடையின் உட்புறத்தில் நெடுக ஒரு கோடு காணப்பட்டது. அது இரண்டு என்புகள் சேரும் பொருத்து என்றனர் ஒருசாரார். ரிச்சட் ஓவன் எனும் ஆங்கில உடலமைப்பியலறிஞர் தாடைகளை நுணுகி ஆராய்ந்து, அது பொருத்தன்று, வெறும் பள்ளமே என்றார். ஈரடிவேர் கொண்ட பற்கள் குழிகளிற் பதிந்திருப்பதையும், தாடை மூட்டின் முனை குவிந்திருப்பதையும் எடுத்துக்காட்டி, இவை முலையூட்டியின் தாடைகளே என நிலைநாட்டினார். நகருயிர்களின் காலத்திலேயே முலையூட்டிகளும் வாழ்ந்தன என்பது அன்றுமுதல் உறுதியாயிற்று. அப்பாறை ஏறத்தாழ 16½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென்பது இன்றைய கணிப்பு.

ஓவன் வென்றார், ஆயினும் அந்தப் பள்ளம் ஏன் அங்கிருந்தது என்ற வினா எஞ்சிநின்றது. அதற்கான விடையின் முதற்பகுதி, அவ்வழக்கு நடைபெறுவதற்கு ஓராண்டு முன்னரே ஜேர்மனியில் வெளிவந்திருந்தது. 1837 இல் கார்ல் ரைக்கேர்ட் என்பவர் பன்றியின் முளையங்களை ஆராய்ந்தார். தாயின் கருப்பையில் வளரும் முளையத்தின் கீழ்த்தாடையில் முதலில் ஒரு குருத்தென்புக் கோல் தோன்றுகின்றது. அதனை முன்னரே விவரித்த மெக்கல் என்பவரின் பெயரால் அது மெக்கலின் குருத்தென்பு எனப்படும். அக்கோலின் பின்முனையிலேதான் செவியின் சம்மட்டி உருவாகின்றது. பட்டடையும் அதனை அடுத்தே தோன்றுகின்றது. நகருயிர்களில் அதே இடத்திலிருந்து தோன்றுபவை தாடை மூட்டின் இரண்டு என்புகள்: கீழ்த்தாடையில் மூட்டென்பு, மேலே மண்டையோட்டிற் சதுரவென்பு. ஆகவே நமது சம்மட்டி நகருயிரின் மூட்டென்பு. நமது பட்டடை அதன் சதுரவென்பு என்பது ரைக்கேர்ட் கண்ட முடிபு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏர்ன்ஸ்ட் கௌப் இதனை விரிவாக ஆராய்ந்து நிலைப்படுத்தினார்.

கருவறை கூறிய இச்சான்றை ஏற்பதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வாயைத் திறந்து மூடும் கீலாக இருந்த என்புகள் செவிக்குள் எப்படிச் செல்லும்? செல்லும் காலத்தில் அவ்விலங்கு எதனைக் கொண்டு மென்றது? பழைய கீல் கழன்று புதிய கீல் அமையும்வரை பட்டினி கிடந்ததா? வீட்டின் கதவைக் கழற்றாமல் கீலை மாற்ற முடியாது என்பது தச்சர் அறிந்த செய்தி. இவ்வினாவைக் கூர்ப்புக் கொள்கையை மறுத்தோர் ஏளனமாகக் கேட்டனர். அதனை ஏற்றோரும் கவலையோடு கேட்டனர்.

விடை பாறையிலிருந்து வந்தது. வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் பழைய சுண்ணக்கற் பாறைகளின் வெடிப்புகளுக்குள் மண்ணோடு விழுந்து புதைந்த சிற்றுயிர்களின் என்புகள் கிடைத்தன. 1949 இல் வோல்ட்டர் கூனே அங்கிருந்து பெற்ற ஒரு பல்லை ஆராய்ந்து, அதற்கு மோர்கனுக்கொடொன் எனப் பெயரிட்டார். கிளமோர்கன் எனும் அம்மாவட்டத்தின் பெயரை ஒட்டிய பெயர் அது. பின்னர் கெனத் கெர்மக் முதலியோர் அவ்வெடிப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான துண்டுகளைத் திரட்டினர். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் லூஃபெங் எனுமிடத்திற் கிடைத்த மண்டையோடொன்றை 1963 இல் ரிக்னி விவரித்தார். இவையெல்லாம் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, மூஞ்சூறளவினவான விலங்குகளின் எச்சங்கள்.

மோர்கனுக்கொடொனின் தாடையிலே இரண்டு மூட்டுகள் இருந்தன. பற்களைத் தாங்கும் என்பு பின்னோக்கி வளர்ந்து மண்டையோட்டைத் தொட்டு, முலையூட்டிகளுக்குரிய புதிய மூட்டாக வெளிப்புறத்தில் அமைந்தது. அதன் உட்புறத்தில், ஒரு பள்ளத்திற் கிடந்த மெல்லிய பழைய என்புகள், நகருயிர்களுக்குரிய பழைய மூட்டாகவும் தொழிற்பட்டன. புதிய கீல் பூட்டப்பட்ட பின்னரே பழைய கீல் தளர்ந்தது. கதவு ஒருநாளும் கழன்று விழவில்லை. தென்னாபிரிக்காவிற் கிடைத்த இன்னொரு விலங்குக்கு, இரட்டை மூட்டுத்தாடை எனும் பொருளில், டயாத்ரொக்னேதஸ் என 1958 இல் குரொம்ப்டன் பெயரிட்டதும் இக்காரணம் பற்றியே. சுமை குறைந்த பழைய என்புகள் சிறுத்தன. சிறுத்த என்பு நுண்ணிய அதிர்வை ஏற்க வல்லது. பூச்சிகளை இரையாகக் கொண்ட சிற்றுயிர்களுக்கு அது பெரும்பேறாக அமைந்திருக்கும்.

பற்களும் ஒரு செய்தி கூறுகின்றன. பல்லியும் முதலையும் வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைக்கும் இயல்பின. மோர்கனுக்கொடொனுக்கோ நம்மைப்போலப் பாற்பல் ஒருமுறையே மாறியது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தி உணவை வெட்ட, இவ்வொழுங்கு வேண்டும். பல் தாமதித்து முளைக்கும் குட்டி அதுவரை எதனை உண்டு வளர்ந்திருக்கும்? பாலையே என்பது அறிஞர் துணிபு. இவ்வாறு, கல்லாகாத பாலுக்கும் பல் சான்றாயிற்று. ஆயினும் இவ்விலங்கு எல்லா வகையிலும் இன்றைய முலையூட்டியை ஒத்ததன்று. பல்வேரைச் சுற்றி ஆண்டுதோறும் படியும் வளையங்களை ஊடுகதிரால் எண்ணிய ஆய்வொன்று 2020 இல் வெளிவந்தது. இச்சிற்றுயிர் 14 ஆண்டுகள் வரை வாழ்ந்ததாக அது கண்டது. இன்றைய மூஞ்சூறு ஓரிரண்டு ஆண்டுகளே வாழும். உடலின் வேகத்தில் மோர்கனுக்கொடொன் இன்னும் நகருயிரை அண்டியே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பழைய என்புகள் தாடையை விட்டு நீங்கியது எப்போது? லூஃபெங்கிற் கிடைத்து 2001 இல் விவரிக்கப்பட்ட ஹட்ரோக்கோடியம் எனும் விலங்கின் மண்டையோடு 12 மில்லிமீற்றர் நீளமே உடையது. அதன் எடை 2 கிராம் எனக் கணித்துள்ளனர். அதன் தாடையிற் பழைய என்புகள் கிடந்த பள்ளம் இல்லை. ஆனால், அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்திய, ஏறத்தாழ 12½ கோடி ஆண்டுக்கு முற்பட்ட யானோகொனோடொன் எனும் சீன விலங்கிலோ, செவியென்புகள் மெக்கலின் குருத்தென்பாலே தாடையோடு இன்னும் இணைந்திருந்தமை 2007 இல் அறியப்பட்டது. ஸ்டோன்ஸ்பீல்ட் தாடையின் பள்ளத்துக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கின்றது. அத்தகைய பள்ளம் மெக்கலின் குருத்தென்பு கிடந்த தடம். அஃது என்புகளின் பொருத்தன்று என்ற ஓவன் கூற்று மெய். நகருயிர்த் தாடையின் நினைவு அதில் இருந்தது என்பதும் மெய்.

இதனின்றும் ஓர் உண்மை புலனாகின்றது. தாடையும் செவியும் பிரிந்த நிகழ்ச்சி ஒரே கிளையில் ஒரே முறை நடந்ததன்று. வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு காலங்களில் நடந்தது என்பதே இன்று பல அறிஞர் கொள்கை. ஆதி முலையூட்டிகளின் குலமரம் நேரே உயர்ந்த பனை போன்றதன்று. அடியிலிருந்தே பல கிளை விட்ட புதர் போன்றது. அதன் கிளைகள் அன்று ஒன்றாய் இணைந்திருந்த நிலமெங்கும் பரந்தன. ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள லெசோத்தோவிலும், இந்தியாவிற் கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டாப் படிவுகளிலும் பழைய முலையூட்டிச் சுவடுகள் கிடைத்துள்ளன.

அக்கிளைகளுட் பல, டைனோசர்களின் காலடியில் அஞ்சி ஒடுங்கிய எலிகளாக மட்டும் இருந்துவிடவில்லை. 2006 இல் அறிவிக்கப்பட்ட கஸ்ரோரோகோடா எனும் சீன விலங்கு மயிரடர்ந்த உடலும் அகன்ற வாலுங் கொண்டு நீரில் நீந்தியது. ரெபெனோமாமஸ் எனும் பேரினத்தில் ஒன்று ஒரு மீற்றருக்கும் மேல் நீண்டிருந்தது. அப்பேரினத்தின் வேறோர் இனத்தின் வயிற்றில் டைனோசர்க் குஞ்சொன்றின் என்புகள் இருந்தமை 2005 இல் வெளியாயிற்று. மல்டிடியூபர்குலேற்று எனப்படும், பல குமிழ் கொண்ட கடைவாய்ப்பல்லுடைய கூட்டம் 10 கோடி ஆண்டுக்கு மேல் நிலைத்து, டைனோசர்கள் அழிந்த பின்னரும் வாழ்ந்து, ஏறத்தாழ 3½ கோடி ஆண்டுக்கு முன் மறைந்தது. 1963 முதல் 1971 வரை கோபிப் பாலைவனத்தில் ஆய்வு நடத்திய போலந்து, மொங்கோலியக் குழுக்களின் தலைவி சோஃபியா கீலான் யவரோவ்ஸ்காவின் உழைப்பால் அக்கூட்டத்தைப் பற்றிய அறிவு பெருகியது. இன்று எஞ்சியவை முட்டையிடும் முலையூட்டிகள், பைவிலங்குகள், சூல்வித்தகம் உடையவை என்ற மூன்றே.

அங்ஙனமாயின் மோர்கனுக்கொடொன் முலையூட்டியா? தாடை மூட்டை அளவுகோலாகக் கொண்டால் ஆம். இன்று வாழும் மூவகையினதும் பொது மூதாதையும் அதன் வழித்தோன்றல்களுமே முலையூட்டி என 1988 முதல் ஒருசாரார் வகுக்கும் அளவுகோலைக் கொண்டால், அது வாசலுக்கு வெளியே நிற்கும் நெருங்கிய உறவு. நகருயிரினின்று முலையூட்டி தோன்றியது என்ற பழைய வாசகமும் திருத்தப்பட்டுவிட்டது. இரண்டும் 30 கோடி ஆண்டுக்கு முன்னரே ஒரு மூதாதையிலிருந்து பிரிந்த இரு கிளைகள் என்றே இன்று கூறுவர்.

1838 இல் அறிஞர் கேட்ட கேள்வி, இத்தாடை நகருயிருடையதா, முலையூட்டியுடையதா என்பது. இரண்டுக்கும் நடுவே மதிலொன்று உண்டென்ற நம்பிக்கை அக்கேள்வியினுள் மறைந்திருந்தது. பாறைகள் அம்மதிலைக் காட்டவில்லை. நீண்டு செல்லும் சரிவையே காட்டின. பிள்ளை கருவில் வளரும் ஒவ்வொரு முறையும், தாடையின் குருத்தென்பு முனையிலிருந்து சம்மட்டி பிரிந்து செவிக்குள் அடங்குகின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்தேறிய பிரிவின் சாயல் சில கிழமைகளில் அங்கே தோன்றி மறைகின்றது. நகருயிரென நாம் ஒதுக்கிவைக்கும் உயிர்களோடு நமக்குள்ள உறவுக்கு அதனினும் அண்மையான சான்று வேண்டுவதில்லை.