மறைந்த புள்ளும் மாலுமியர் வரைந்த ஓவியமும்

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் நாணயத்தையும் துருவி ஆராயுமளவுக்குப் பழைய ஓவியங்களை ஆராய்வதில்லை. கண்ணாற் கண்டதையே ஓவியன் தீட்டுவான் என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. அந்நம்பிக்கை எத்துணை வழுவுடையது என்பதை, இந்துசமுத்திரத் தீவாகிய மொரிசியசில் வாழ்ந்து அழிந்த டோடோப் பறவையின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1598 ஆம் ஆண்டிலே கீழைத்தேய வாணிகத்தை நாடிச் சென்ற ஒல்லாந்தக் கப்பல்கள் சில அத்தீவை அடைந்தன. மனிதர் குடியிராத அந்நிலத்துக்குத் தம் நாட்டு மொரிசு இளவரசரின் பெயரை இட்ட மாலுமிகள், பறக்கவியலாத பெரும் பறவையொன்றை ஆங்குக் கண்டனர். அதன் உருவம் 1601 இல் அச்சேறிய பயண நூலொன்றில் வெளிவந்தது. அதே ஆண்டில் மொரிசியசுக்கு வந்த 'கெல்டர்லாந்து' என்னும் கப்பலின் நாட்குறிப்பிலும் டோடோவின் கோட்டோவியங்கள் சில உள. அவை உயிருள்ள பறவையையோ அப்போதே கொல்லப்பட்டதையோ நேரிற் பார்த்து அத்தீவிலேயே வரையப்பட்டவை. எனினும், கையெழுத்துப் பிரதியில் அடங்கியிருந்தமையால் 19 ஆம் நூற்றாண்டு வரை அவை அறிஞர் கண்ணிற் படவில்லை.

உலகம் அறிந்த டோடோ வேறு. றூலண்ட் சாவெறி என்னும் ஓவியர் 1620களில் தீட்டிய படங்களில் அது கொழுத்துக் குறுகி, நடக்கவும் மாட்டாத மந்தப் பறவையாகத் தோன்றுகின்றது. கூட்டிலடைத்து மிகையாக உணவூட்டப்பட்ட பறவையையோ பதஞ்செய்த உடலையோ அவர் பார்த்திருக்கலாம் என்பர். கலைத்திறன் மிக்க அவ்வோவியங்களையே பின்வந்தோர் மீண்டும் மீண்டும் படியெடுத்தனர்.

இதற்கிடையில் டோடோ இந்தியாவையும் எட்டியிருந்தது. ஆங்கிலப் பயணியாகிய பீற்றர் மண்டி, சூரத்து நகரில் இரு டோடோக்களைக் கண்டதாக எழுதியுள்ளார். முகலாய ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் படமொன்றும் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் உளது. அதில் டோடோவைச் சூழ நிற்கும் ஏனைய பறவைகள் இனங்காணத்தக்க அளவு செம்மையாக அமைந்திருத்தலின், டோடோவின் உருவமும் நம்பத்தக்கதென அறிஞர் கொள்வர்.

மாலுமியர் கொணர்ந்த பன்றி, எலி, குரங்கு முதலியன நிலத்திலே கூடிட்ட முட்டைகளை அழித்தன, காடுகளும் வெட்டப்பட்டன. 1662 இல் காணப்பட்டதே இறுதியானதெனப் பலரும் ஏற்பர். பிற்காலத்தார்க்கு எஞ்சியவை படங்களும், ஒக்ஸ்போட்டில் உள்ள தலையும் பாதமும் போன்ற சில உறுப்புக்களுமே.

1865 இல் மொரிசியசுப் பாடசாலையாசிரியர் ஜோர்ஜ் கிளாக் என்பார், சதுப்புநிலமொன்றில் ஆட்களை இறக்கி, வெறுங்காலால் சேற்றைத் துழாவச் செய்து, டோடோவின் எலும்புகளைக் கண்டெடுத்தார். அவற்றைப் பெற்ற றிச்சட் ஓவன் என்னும் பேரறிஞர், முதலில் அவற்றைச் சாவெறி வரைந்த உருவத்துள் அடக்கிப் பொருத்தினார். ஓவியத்துக்காக எலும்பு வளைக்கப்பட்டது! பின்னர் மேலும் எலும்புகள் கிடைத்தபோது, பறவை நிமிர்ந்து நின்றதென உணர்ந்து தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

அயலிலுள்ள றீயூனியன் தீவின் கதை இதனினும் வியப்புடைத்து. 17 ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சிலவற்றில் வெண்ணிற டோடோ காணப்பட்டமையால், அத்தீவிலும் ஒரு டோடோ வாழ்ந்ததென நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆங்கு டோடோவின் எலும்பு ஒன்றேனும் கிடைத்திலது. கிடைத்தவை அரிவாள் மூக்கன் இனத்துப் பறவையொன்றின் எலும்புகளே. ஓவியமொன்று இல்லாத பறவைக்கு உயிர் கொடுத்துவிட்டது.

ஆதலின் ஓவியமும் ஒரு சாட்சியே. வரைந்தவன் யாவன், எதனைக் கண்டான், எப்போது வரைந்தான் என அதனையும் வினவுதல் வேண்டும். அழகு மெய்ம்மைக்குச் சான்றாகாது. பகையறியாத் தீவில் வாழ்ந்தமையால் மனிதனை அஞ்சாதிருந்த பறவையை மடமைக்கு உவமையாக்கிய உலகம், அதன் உயிரை மட்டுமன்றி உருவத்தையும் சிதைத்தது. உயிரை மீட்டல் அரிது. உருவத்தையேனும் மீட்டது பெயர்பெற்ற ஓவியமன்று, கப்பலிலிருந்தோர் கீறிய சில கோடுகளும் ஓராசிரியர் சேற்றினின்றும் எடுப்பித்த எலும்புகளுமேயாம்.