இராயப்பரின் பந்தியும் சூசையின் வழக்கும்

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர், பேதுருவைக் குறிக்கும் 'இராயப்பர்' என்ற பழந்தமிழ்க் கிறிஸ்தவப் பெயரிலிருந்து வந்ததென்பர். அங்கிருந்து எண்ணூர் வரை, சபைக்குள் சாதி உண்டென்றால் பலர் அதைத் தம்மீது சுமத்திய பழியாகவே கொள்கின்றனர். கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுகின்றனர்.

இரண்டாம் அதிகாரத்தையும் படிக்குமாறு நாம் கேட்கிறோம். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டு வந்த இராயப்பர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கண்டித்தார். அக்கண்டிப்பை அடுத்தே வேற்றுமை இல்லை என்ற சொல் வருகிறது. அது நற்சான்றிதழ் அன்று.

சாதியை மறுப்பதன் விலையைச் சென்னை அறியும். சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, ஆதிதிராவிடர். கிறிஸ்தவரானதால், 1982இல் அரசு இலவசமாக அளித்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் சாதி இழிவு அதே கடுமையோடு தொடர்வதற்குப் போதிய சான்று இல்லையென 1985இல் அவரது மனு தள்ளுபடியானது. அச்சான்று தனிக் கல்லறைகளை வைத்திருந்த சபைகளிடம் இருந்தது; அவை வாய்திறந்திருக்க வேண்டாமா?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை திருச்சபைக்குள் தீண்டாமை உண்டெனத் தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்பியது 2016 டிசம்பரில். அதற்குள் அந்த ஆணை சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் திருத்தப்பட்டிருந்தது.